அடி அண்ணாமலைக்கு, இருபத்தேழு இடது கடைவாய்களுக்காக

திருவண்ணாமலைக்கு நான் பல முறை போயிருக்கிறேன். அதில் ஒரே ஒரு பயணம் மட்டும் கோயிலுக்காகவும் இல்லை, மலை சுற்றவும் இல்லை. 1985 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அடி அண்ணாமலையில் இருபத்தேழு பிள்ளைகளின் இடது பக்கக் கடைவாய்ப் பற்களுக்காகப் போனேன். கிராமப் பள்ளிகளில் பல் முகாம் நடத்த நினைப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் பல் மருத்துவராக இருந்தேன். அதற்கு ஏழு மாதம் முன்பு, ஆகஸ்டில், இதே பள்ளிக்கு ஒரு தடவை போய் வந்திருந்தேன். அதைச் சொல்லாமல் இந்தப் பயணம் புரியாது.

ஆறு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில், மேலும் கீழும் இரண்டு பக்கமுமாக நாலு. இதுவும் விழுந்து முளைக்கிற பல்தான் என்று பெற்றோர் விட்டுவிடுவார்கள். அது விழாது, ஆயுசுக்கும் அதுதான். அதன் மேற்பரப்பில் குறுகலான பள்ளங்கள் இருக்கும். பிரஷ்ஷின் நார்கூட உள்ளே போகாது. மிட்டாயும் மாவும் அங்கேதான் தங்கும், சொத்தையும் அங்கேதான் ஆரம்பிக்கும். அந்தப் பள்ளங்களை முன்கூட்டியே ஒரு பிளாஸ்டிக் பூச்சால் அடைத்துவிட்டால் பல் தப்பிக்கும். சீலண்ட் என்று பெயர். வெளிச்சம் காட்டி இறுக வைக்கிற வகை வந்துவிட்டதாகப் படித்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது இரண்டு சின்ன பாட்டில். ஒன்றிலிருந்து ஒரு சொட்டு, இன்னொன்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கலந்தால் தானாகவே இறுகும்.

வேலூர் கிளினிக்கில் மின்விசிறிக்கு அடியில் கலந்தால் நிதானமாகப் பூச நேரம் இருக்கும். அடி அண்ணாமலையில் ஓட்டுக் கூரைக்குக் கீழே, ஆகஸ்ட் மத்தியானத்தில், குச்சியில் தொட்டுப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டு போவதற்குள் கெட்டியாகிவிட்டது. வெயிலில் சீக்கிரம் இறுகும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் சொல்லவில்லை. பாதி மருந்து இப்படியே வீணானது. வலது பக்கம் மட்டும்தான் எல்லோருக்கும் போட முடிந்தது. "மீதிப் பக்கத்துக்கு அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சென்னையில் இருந்த விற்பனையாளரிடம் அடுத்த பெட்டி வந்து சேரவே பிப்ரவரி ஆகிவிட்டது. ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம். போடவில்லை.

இனி மார்ச் பயணம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை, போளூர் வழியாக எண்பத்து மூன்று கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலும் உண்டு. ஆனால் அதை நம்பி ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாது. காலை 5.40 பஸ், டிக்கெட் ஆறு ரூபாய் எண்பது பைசா. கூட வந்தவர் எங்கள் கிளினிக் உதவியாளர் சரோஜாக்கா. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், ஆனாலும் "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். அவர் மடியில் ஒரு பெரிய தெர்மாஸ் பிளாஸ்க். அதில் காபி இல்லை, கிளினிக் பிரிட்ஜில் எடுத்த ஐஸ். கலக்கும் கிண்ணத்தை இந்த முறை ஐஸ்மேல் வைத்துக் கலப்பது என்று திட்டம்.

வேங்கிக்கால் ஏரியைத் தாண்டும்போது மலை முழுதாகத் தெரிந்தது. (இப்போது அங்கே கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. அன்றைக்கு ஏரியும் வயலும்தான்.) 8.15-க்கு பஸ் நிலையம். எதிரே ஒரு ஓட்டலில் ஆளுக்கு நாலு இட்லி, ஒரு வடை, காபி. இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு ரூபாய் இருபது பைசா. வடை நன்றாக இருந்தது என்று என் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

அடி அண்ணாமலை மலைக்குப் பின்புறம், கிரிவலப் பாதையில். பஸ் நிலையத்திலிருந்து ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. டவுன் பஸ் எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஜட்கா பேசினோம், பத்து ரூபாய். வண்டிக்காரர் பெயர் காதர் பாய். புளியமர நிழலில் குதிரை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எதற்குப் போகிறோம் என்று கேட்டவர், சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"போன வருசம் புள்ளைங்க பல்லுல மருந்து பூசின டாக்டரம்மா நீங்கதானா?"

"ஆமாங்க."

"மருந்து பூசின பக்கம் ஆயுசுக்கும் கடிக்கவே கூடாதாமே? அந்த ஊருல சவாரி போனா இதே பேச்சுதான்மா."

நான் சிரித்தேன். "யாரோ தப்பா சொல்லியிருக்காங்க பாய்."

சரோஜாக்கா சிரிக்கவில்லை.

9.20-க்குப் பள்ளிக்குள் நுழைந்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. வாசலில் ஐந்து பிள்ளைகள்தான் இருந்தார்கள். தலைமையாசிரியை சங்கடமாக நின்றார். "நேத்தே எல்லா வூட்டுக்கும் சொல்லி அனுப்பிட்டேங்க. அனுப்ப மாட்டேங்கறாங்க. ஒரு பக்கம் கடிக்க முடியாம போனது பத்தாதா, ரெண்டு பக்கமும் போகணுமானு கேக்கறாங்க."

யார் இதை ஆரம்பித்தது என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அதற்கு உரியவரே வந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும், கொல்லையிலிருந்து நேராக வந்த கால் மண். கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள். அம்மா பெயர் பச்சையம்மாள், பெண் செல்வி.

"இன்னா டாக்டரம்மா, அடுத்த மாசம் வரேன்னுட்டு போனீங்களே!"

"தப்புதாங்க. மருந்து கிடைக்கல."

"மருந்து கெடக்கட்டும். நீங்க சொன்னீங்கனு இந்தப் பொண்ணு ஏழு மாசமா வலது பக்கம் ஒரு பருக்கை சோறு மெல்லல. மல்லாட்டை, கரும்பு, அச்சு முறுக்கு, எல்லாம் எடப்பக்கமே. இன்னாத்துக்குடினு கேட்டா, டாக்டரம்மா இன்னும் வரலன்றா. எனக்கு இன்னா தெரியும்? டாக்டரு சொன்னா சரியா இருக்கும்னு வுட்டுட்டேன். இப்ப எடப்பக்கம் ஓட்டை வுழுந்து, தண்ணி குடிச்சா துள்ளுது."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று வாயெடுத்தேன். அதற்குள் செல்வி, தரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்: "நான் வந்து பாக்கற வரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதேனு சொன்னீங்க. நீங்க வரவேயில்ல."

எனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. வரிசையில் கடைசிப் பிள்ளை இவள். பாட்டிலில் கடைசிச் சொட்டு. பூசினது இறுகிற்றா என்று எனக்கே சந்தேகம். கை கழுவிக்கொண்டு வந்து பார்க்கலாம் என்று நினைத்து, அப்படிச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். எங்களைக் கூட்டி வந்த வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஏறிவிட்டேன். ஐந்து நிமிடத்துக்காகச் சொன்ன வார்த்தை. அந்தப் பெண் அதை ஏழு மாதம் காப்பாற்றியிருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். நான் எழுந்ததும் சரோஜாக்கா என் காதருகே, "மேடம், இத்தனை பேர் முன்னாடி ஒத்துக்காதீங்க. அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் செல்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் காது கேளாதவள் இல்லையே.

"அவ சொல்றது நிஜம்" என்றேன், ஜன்னல் பக்கமும் கேட்கிற மாதிரி. "நான்தான் சொன்னேன். அஞ்சு நிமிசம் கழிச்சு வந்து பாக்கணும்னு நெனச்சு சொன்னது, பாக்காமலே போயிட்டேன். மருந்து மேல தப்பு இல்ல, பாப்பா மேல தப்பு இல்ல. என் தப்பு. பூசினதுக்கப்புறம் தாராளமா கடிக்கலாம். வேலூர்ல பூசின புள்ளைங்க எல்லாரும் கடிச்சுட்டுதான் இருக்காங்க."

பச்சையம்மாள், "சரி, புடுங்கணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

ஆசிரியர் மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, செல்வியைப் படுக்கவைத்தோம். முதலில் வலது பக்கம். மெல்லாத பக்கத்தில் அழுக்கு அதிகம் சேரும். உணவு தேய்த்துச் சுத்தம் செய்வதும் அங்கே நடக்காது. பல்லெல்லாம் மாவு அப்பியது போல இருந்தது, ஈறு லேசாகத் தொட்டாலே ரத்தம். பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினேன். அழுக்கு போனதும் கீழே பூச்சு அப்படியே இருந்தது, மேலும் கீழும். கூரிய கருவியால் விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தேன், எங்கேயும் மாட்டவில்லை. நான் சந்தேகப்பட்ட கடைசிச் சொட்டு நன்றாகவே பிடித்திருந்தது. கைக்கண்ணாடியில் பச்சையம்மாளுக்குக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு இடது பக்கம். கீழ்ப் பல்லின் நடுப் பள்ளத்தில் கருப்பாக ஒரு ஓட்டை. வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தோண்டினால்தான் தெரியும். நரம்பு வரைக்கும் போயிருந்தால் அந்தப் பள்ளிக்கூட மேஜையில் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வேலூருக்குத்தான் அழைத்துப் போக வேண்டும், பல் நிற்குமா என்பதும் சந்தேகம். சொத்தை மெத்தென்று இருக்கும், அதைச் சின்னக் கரண்டி போன்ற கருவியால் கையாலேயே சுரண்டலாம். சுரண்ட ஆரம்பித்தேன். செல்வியின் இரண்டு கையையும் அவள் அம்மா பிடித்திருந்தார். நாலு தடவை, ஐந்து தடவை சுரண்டியும் மெத்தென்றே வந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ, கருவி கரகரவென்று பல்லின் கெட்டியான தரையில் உரசியது. அந்தச் சத்தத்தை நான் இப்போதும் கேட்பேன். அவள் துள்ளவில்லை. நரம்பைத் தொடவில்லை.

சிமென்ட் வைத்து அடைத்து, பக்கத்துப் பல்லோடு சமப்படுத்தி முடித்தபோது மணி பதினொன்றேகால். "வலிச்சுதாடா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

அப்புறம் ஒன்று செய்தேன். சாயங்காலம் வரை இடது பக்கம் சும்மா இருக்கட்டும் என்று சொல்லி, அவள் அம்மா மடியில் முடிந்து வைத்திருந்த வறுத்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒன்றைக் கேட்டு வாங்கி அவளிடம் கொடுத்தேன். "நான் வந்துட்டேன். பாத்துட்டேன். இப்ப வலது பக்கம் கடி."

வாயில் போட்டாள். நாக்கு பழக்கத்தில் அதை இடது பக்கம் தள்ளிக்கொண்டு போனது, கன்னத்தில் தெரிந்தது. விரலை வைத்து வலது பக்கம் தள்ளிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். கறுக்கென்று ஒரு சத்தம். ஜன்னலில் யாரோ சிரித்துவிட்டார்கள். செல்வி கையை நீட்டி இன்னொன்று கேட்டாள். அது முடிந்ததும் இன்னொன்று.

பச்சையம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மே, இன்னா வேடிக்கை? பாத்தீங்க இல்ல? போயி புள்ளைங்கள இட்டுகினு வாங்க!"

அரை மணியில் பதினாறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். நல்லது என்று பிளாஸ்க்கைத் திறந்தால் உள்ளே வெறும் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. பஸ் குலுக்கலில் பிளாஸ்க்கின் உள்கண்ணாடி விரிசல் விட்டு ஐஸ் எல்லாம் கரைந்திருந்தது. ஓட்டுக் கூரை அனல் வீசியது. சோதித்துப் பார்க்க ஒரு சொட்டும் ஒரு சொட்டும் கலந்தேன். முப்பது எண்ணுவதற்குள் கல். இதே மருந்தை இன்னொரு தடவை வீணாக்கிவிட்டு, இன்னொரு தடவை "அடுத்த மாசம்" என்று சொல்ல என்னால் முடியாது.

எங்களைத் திருப்பிக் கூட்டிப் போகக் காத்திருந்த காதர் பாய், மரத்தடியில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும், "தேரடி பக்கம் சர்பத் கடையில ஐஸ் பார் இருக்கும்மா. சாக்குல மரத்தூள் போட்டுக் கட்டி எடுத்துகினு வந்துடறேன், கரையாது" என்றார். போய்வர பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார், ஐஸுக்கு மூன்று. அவர் திரும்பியபோது மணி ஒன்றேகால். அதற்குள் பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, சரோஜாக்கா எல்லோருக்கும் பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார்.

எவர்சில்வர் டப்பாவில் ஐஸை நொறுக்கிப் போட்டு மூடி, மூடியைத் துடைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்துக் கலந்தேன். கிளினிக்கில் போலவே நேரம் கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே வேலை: பஞ்சு உருட்டி வைத்து, ஒரு நிமிடம் அமிலம் தடவி, கழுவி, ரப்பர் பந்தால் காற்று அடித்துக் காயவைக்க வேண்டும். பல் சுண்ணாம்பு போல வெளுத்ததும் பூசலாம். நடுவில் நாக்கு பட்டாலும், ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் முதலிலிருந்து. அதற்குத்தான் இன்னொரு ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் பச்சையம்மாள். பிள்ளைகளின் தலையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு, "நாக்கை உள்ள வெச்சுக்கடா. அசைஞ்சா அறைவேன்" என்பார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. எந்த நர்ஸும் எனக்கு அப்படி அமைந்ததில்லை.

ஐந்து மணி வரை செல்வியையும் சேர்த்துப் பதினாறு பேர்; அவளுக்கு இடது மேல் பல்லில் பூசினேன். மற்றவர்களுக்காக இரவு தங்கினோம். சன்னதித் தெருவில் ஒரு லாட்ஜ், இரட்டைப் படுக்கை இருபத்தைந்து ரூபாய், சுத்தமாக இருந்தது. மறுநாள் ஏழரைக்கே காதர் பாய் சாக்கில் ஐஸோடு வாசலில் நின்றார். அன்றைக்கு ஐஸுக்குக் காசு வாங்கவில்லை. பத்தரைக்குள் இன்னும் ஒன்பது பேர் முடித்தோம். ஆக இருபத்தைந்து. ஒரு பிள்ளை அப்பாவோடு பெங்களூருக்குப் போய்விட்டிருந்தான். இன்னொருவன் என் விரலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டான், வலது பக்கப் பல்லால்தான். பூச்சு உறுதி என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கிளம்பும்போது தலைமையாசிரியையிடம் சாக்பீஸ் வாங்கி, கரும்பலகையின் மூலையில் நான் அடுத்து வரும் நாளை எழுதினேன்: ஜூன், இரண்டாவது செவ்வாய், காலை ஒன்பதரை. அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் கோயிலுக்குப் போனோம், கூட்டமே இல்லை. 2.30 பஸ்ஸில் ஏறி 5.05-க்கு வேலூர். வழியெல்லாம் சரோஜாக்கா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் மனசு நிறைவாக இருந்தது.

ஜூனில் சொன்ன நாளில் போனேன். அப்புறமும் வருஷத்துக்கு ஒரு முறையாவது போனேன். செல்வியைக் கடைசியாகப் பார்த்தது அவளுக்குப் பதினொன்று முடிந்து, இரண்டாவது கடைவாய்ப் பற்கள் எட்டிப் பார்த்தபோது. சிமென்ட்டை ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது, பல் நின்றது. மற்ற மூன்றிலும் பூச்சு ஓரங்களில் தேய்ந்திருந்தாலும் பள்ளத்தில் சொத்தை இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போகாதீர்கள். கிரிவலப் பாதையில் வண்டி நகராது, ஊர்க்காரர்கள் எல்லோரும் பக்தர்களுக்காகப் போட்ட கடையில் இருப்பார்கள். மார்ச்சில் போனால் காலை எட்டுக்கே ஆரம்பித்துவிடுங்கள். இப்போது கையடக்க விளக்கு வைத்து இறுக வைக்கும் பூச்சுதான் எல்லோரிடமும் இருக்கிறது, ஐஸ் வேண்டாம். ஆனால் பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள், மருந்தை ஜன்னல் வெளிச்சத்தில் திறந்து வைக்காதீர்கள், விளக்குக்கு இன்னொரு பேட்டரி எடுத்துப் போங்கள். பஞ்சு நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேண்டும். ஆறு வயதில் முளைப்பது விழுகிற பல் இல்லை என்பதை முதலில் அம்மாக்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் தலையைப் பிடிக்க அவர்களில் ஒருவரையே கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளிடம் பேசும்போது மணி சொல்லுங்கள், நாள் சொல்லுங்கள். "நான் வரும் வரைக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏழு வயதில் அதை அப்படியே நம்பிக் காத்திருப்பார்கள்.